கர்ப்பிணியின் நாரி நோவும் உங்கள் தமிழ் விளம்பரமும்: ரொறன்ரோத் தமிழ்க் கைரோபிராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தமிழ்க் கடை வாசல்களில் இலவசப் பத்திரிகைகளோடு அடுக்கிவைத்திருக்கும் விளம்பரத் தாள்களை ஒன்றுவிடாமல் எடுத்து வாசிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. கொஞ்ச நாளாக அவற்றில், முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் தள்ளிச் சிகிச்சை செய்கிற உங்கள் நிலையங்களின் விளம்பரங்கள் கூடிவிட்டன. அதுவும் பெண்களைப் பார்த்துப் பேசுகிறவை. கர்ப்ப காலத்துக்கு இயற்கைப் பராமரிப்பு, தலை திரும்பாத பிள்ளையைத் திருப்ப மென்மையான முறை, பிள்ளை பெற்ற உடம்பைப் பழையபடி கொண்டுவர ஒரு பக்கேஜ், மாதவிடாய் நிற்கப்போகும் வயதுக்கு ஹோர்மோன் சமநிலை. அண்மையில் கிடைத்த ஒரு தாளின் மறுபக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அதே நிலையம், அதே படம். ஆனால் அங்கே முதுகு வலி, கழுத்து வலி, இடுப்பு வலி என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். பிள்ளையைத் திருப்புவதும் ஹோர்மோனும் தமிழ்ப் பக்கத்தில் மட்டும்தான்.

இந்த மடலை எழுத அந்த ஒரு தாள் போதும். ஆங்கிலத்தில் சொல்லத் தயங்குவதைத் தமிழில் சொல்லாதீர்கள். என் கோரிக்கை அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அதற்கான விளக்கம்.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். மகப்பேற்றுப் பிரிவில் தாதி. பிள்ளை பெற்றவள். இப்போது நடு இரவில் வியர்த்துக்கொண்டு எழும்புகிற வயதிலும் இருக்கிறேன். ஆகவே உங்கள் விளம்பரம் குறிவைக்கும் காலங்களில் ஒன்றுகூட எனக்குப் புதிதல்ல. உங்கள் தொழிலுக்கே எதிரி என்று நினைக்கவேண்டாம். அந்தத் தொழிலைத் தொடங்கிய டி. டி. பாமர் 1845 இல் பிறந்தது இங்கே பக்கத்துப் பிக்கரிங்கில்தான். 1895 இல் அமெரிக்காவின் டவென்போர்ட்டில் அதைத் தொடக்கினார். இன்று ஒன்ராறியோவில் அது 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற தொழில். நீங்கள் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடலாம், நோயைக் கண்டறிந்து சொல்லலாம், முள்ளந்தண்டு மூட்டை அதன் வழக்கமான எல்லையைத் தாண்டி வேகமாகத் தள்ளலாம். எல்லோருக்கும் கிடைக்காத அனுமதி இது. அதனால்தான் கல்லூரி என்ற பெயரில் உங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, விளம்பரத்தில் சொல்வது உண்மையாகவும் சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ் விளம்பரத்துக்கு அதில் விதிவிலக்கு ஒன்றும் இல்லை.

உங்களால் நன்றாகச் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நாரி நோ வருகிறது. ஐந்தில் ஒருத்திக்கு இடுப்பெலும்பின் மூட்டுகளிலேயே நோ. படி ஏறும்போது, கட்டிலில் புரளும்போது, ஒற்றைக் காலில் நின்று காற்சட்டை போடும்போது உயிர் போய் வரும். வயிறு முன்னுக்குத் தள்ள உடம்பின் பாரம் இடம் மாறுகிறது, வயிற்றுத் தசை இழுபடுகிறது, இடுப்பு மூட்டுகளின் பிடி தளர்கிறது. குடும்ப வைத்தியரிடம் போனால், "இது வழமைதான், டைலனோல் போடுங்கோ, பிள்ளை பிறந்தால் சரியாகும்" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். வீட்டில் மாமி, தான் தோட்டமும் செய்து ஆறு பிள்ளையும் பெற்ற கதையைத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவளை இருத்தி, எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது, எப்படிப் படுக்கிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்கிற ஆள் பல நேரம் நீங்கள்தான். எங்கள் பக்கம் விட்ட குறையை நீங்கள் நிரப்புகிறீர்கள். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

கர்ப்ப கால முதுகு, இடுப்பு வலிக்கான சிகிச்சைகளைப் பற்றி 2015 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு 34 ஆய்வுகளையும் 5,121 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி நாரி நோவைக் குறைக்கக்கூடும், கையால் செய்கிற சிகிச்சையும் சிலருக்கு உதவக்கூடும், ஆனால் கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் உறுதியானவை அல்ல என்பது அதன் முடிவு. அந்த அளவு நம்பிக்கையைக் கொடுத்தாலே ஒரு கர்ப்பிணி உங்களிடம் வருவாள். பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றுக்கு இடம்விட்ட மேசையில் மெதுவாகப் பார்த்து, வீட்டில் செய்யப் பயிற்சியும் எழுதிக் கொடுத்து அனுப்புகிற கைரோபிராக்டர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் நானே ஆள் அனுப்பியிருக்கிறேன். கிழமைக்கு மூன்று தரம் வந்து படுத்தால் போதும், பயிற்சியெல்லாம் தேவையில்லை என்கிறவர்களிடம் அனுப்பமாட்டேன்.

அப்புறம் இந்தப் பிள்ளை திருப்புகிற கதை. என் கோபத்தின் பெரும்பகுதி இங்கேதான்.

இதற்கு நீங்கள் காட்டுவது வெப்ஸ்டர் முறை. லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டரின் பெயரால் வந்தது. இடுப்பின் பின்பக்க எலும்பைச் சரிசெய்து, முன்பக்கத் தசைநாரின் இறுக்கத்தைத் தளர்த்தினால் கருப்பைக்குள் இடம் கிடைக்கும், பிள்ளை திரும்பிக்கொள்ளும் என்பது கதை. வெப்ஸ்டர் தொடக்கிய சங்கமே இன்று, இது தாயின் இடுப்புக்கான முறை, பிள்ளையைத் திருப்பும் முறை என்று சொல்லக்கூடாது என்கிறது. அந்தச் சங்கத்தின் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்று சொன்னதையே தமிழில் அச்சடிப்பது எந்த ஊர் நியாயம்?

82 வீதம் வெற்றி என்று ஒரு கணக்கு ஓடித் திரிகிறது. அது 2002 இல் வெளியானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த அதே சங்கத்தின் உறுப்பினர்கள் 1,047 பேருக்கு வினாக்கொத்து அனுப்பினார்கள். திருப்பி அனுப்பியது 187 பேர். கருப்பைக்குள் இடத்தை நெருக்குகிற தசை, எலும்பு இறுக்கத்தைத் தளர்த்துவதில் 82 வீத வெற்றி என்று அந்தக் கைரோபிராக்டர்கள் தாங்களே சொன்னதுதான் அந்தக் கணக்கு. 82 வீதப் பிள்ளைகள் திரும்பின என்பது அதன் பொருளல்ல. சிகிச்சை எடுக்காத பெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

ஒப்பிடாமல் இதில் ஒன்றும் சொல்ல முடியாது. 28 வாரத்தில் ஏறத்தாழ நான்கு பிள்ளைகளில் ஒன்று தலை மேலேயும் குண்டி கீழேயுமாக இருக்கும். மாதம் நிறையும்போது அப்படி இருப்பது நூற்றுக்கு மூன்று நான்குதான். மிச்சமெல்லாம் ஒருவர் கையும் படாமல் தானாகத் திரும்பியவை. 30 வாரத்தில் உங்களிடம் வந்தவளின் பிள்ளை 34 இல் திரும்பிவிட்டது என்று பெருமைப்படுவது, கார்த்திகையில் மழைக்கு நேர்த்தி வைத்ததுபோல.

காசு போனால் போகட்டும், எனக்குப் பயம் நாட்கள் போவதில். மாதம் நிறைந்தும் தலை திரும்பாவிட்டால் இங்கே பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான். மேரி ஹன்னா என்ற மகப்பேற்று வைத்தியர் தலைமையில் இதே ரொறன்ரோவிலிருந்து 26 நாடுகளில் 2,088 பெண்களோடு நடத்தி 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுதும் அந்த வழக்கம் வலுத்தது. அதைத் தவிர்க்க விரும்புகிற தாய்க்கு 36, 37 வாரமளவில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மகப்பேற்று வைத்தியர் ஸ்கான் பார்த்து, தேவையானால் கருப்பையைத் தளர்த்த மருந்து கொடுத்து, வயிற்றின் மேலிருந்து கையால் பிள்ளையைத் திருப்பிப் பார்ப்பார். பிள்ளையின் இதயத் துடிப்பு கண்காணிப்பில் இருக்கும், ஏதாவது நடந்தால் சத்திரசிகிச்சைக் கூடம் பக்கத்தில் இருக்கும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சரிவரும். "எங்கள் ஆறு அமர்வையும் முடியுங்கோ, பிறகு பார்ப்போம்" என்று நீங்கள் சொல்ல, அவள் அந்த வாரத்தைத் தவறவிட்டால் பிள்ளை இடுப்புக்குள் இறங்கிவிடும், தண்ணீரும் குறைந்துவிடும். நச்சுக்கொடி கீழே கிடந்தாலும், கருப்பையின் வடிவத்தில் வித்தியாசம் இருந்தாலும் பிள்ளை திரும்பாமல் இருக்கும். அதை ஸ்கான்தான் சொல்லும், முள்ளந்தண்டைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தலை திரும்பவில்லை என்று ஒருத்தி வந்தால் உங்கள் முதல் கேள்வி, "இதைப் பற்றி வைத்தியரோடோ மருத்துவிச்சியோடோ கதைத்துவிட்டீர்களா, 36 வாரத்துக்கு நாள் குறித்துவிட்டீர்களா" என்பதாக இருக்கட்டும். அதன் பிறகு இடுப்பு நோவுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு வரும் காலம் வேறு விதமானது. எங்கள் வீடுகளில் பெண்ணை 31 நாள் வெளியே விடமாட்டார்கள். சரக்குக் கறி, வேப்பிலை அவித்த தண்ணி வார்ப்பு, வயிறு கட்டல். அதெல்லாம் முடிந்து அவள் முதலாவதாக வெளிக்கிடுவது சில நேரம் உங்களிடம்தான். குனிந்து பால் கொடுத்துக் கொடுத்துக் கழுத்தும் தோளும் பிடித்திருக்கும். தலையிடி என்பாள். தயவுசெய்து அந்தத் தலையிடியை உடனே கழுத்தின் கணக்கில் எழுதாதீர்கள். பிரசவம் முடிந்து ஆறு கிழமை வரைக்கும் பிரஷர் கூடி வலிப்பு வரக்கூடும். கடும் தலையிடி, கண் மங்குவது, வலப் பக்க விலாவுக்குக் கீழே நோ எல்லாம் அதன் அறிகுறி. பிரசவ நோவுக்கு முதுகில் எபிடியூரல் ஊசி போட்டவளுக்கு முதல் நாட்களில் எழும்பி இருந்தால் இடித்து, படுத்தால் குறைகிற தலையிடி வரலாம். அதோடு கழுத்தும் விறைக்கும். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிகிற அபூர்வ நோயும் இந்தக் காலத்தில் கொஞ்சம் கூட. இவற்றில் எதற்கும் கழுத்தைச் சடக்கென்று திருப்புவது வைத்தியமல்ல. கடைசியாகச் சொன்னதில் ஆளே போகலாம். உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் மெஷின் இருக்கட்டும், பெரிய விலையில்லை. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் அங்கே இரத்தக் கட்டி இருக்கலாம். அதைப் பிடித்துவிடாமல் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

தும்மினால் சிறுநீர் கசிகிறது, கீழே ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறது என்பதைப் பெண்கள் உங்களிடம், அதுவும் ஆண் என்றால், சொல்லவே மாட்டார்கள். "இடுப்பு சரியில்லை" என்று சுற்றி வளைப்பார்கள். இடுப்புத்தளத் தசையை உள்ளே விரல் வைத்துச் சோதிக்க ஒன்ராறியோவில் அதற்கென்று பதிவுபெற்ற இயன்முறை வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெண்களே நிறைய. அவர்களில் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுப்பது உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

தாயோடு வந்த கைக்குழந்தையையும் ஒருக்கால் பார்ப்போம் என்கிற பழக்கத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முள்ளந்தண்டைத் தள்ளுவதை 2019 இல் அவுஸ்திரேலியக் கைரோபிராக்டிக் சபையே நிறுத்தி வைத்தது. பிறந்த பிள்ளை அழுவதற்கு முள்ளந்தண்டு காரணமென்று என்னை நம்பவைக்க முடியாது.

இனி என் வயதுப் பெண்கள். நாற்பத்தைந்து கடந்தால் உடம்பில் நோகாத இடத்தைச் சொல்வது சுலபம். காலையில் விரல் மடங்காது, முழங்கால் பிடிக்கும், தோள் ஒரு பக்கம் உறைந்து சட்டைக் கொக்கி போடக் கை பின்னுக்குப் போகாது. பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் ஏறி இறங்கும் காலத்தில் மூட்டும் தசையும் நோவதை வைத்தியர்களே இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2024 இல்தான் அதற்கு ஒரு பொதுப்பெயர் வைத்து மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆகவே இந்தப் பெண்கள் வைத்தியர்களிடம் ஏமாந்து உங்களிடம் வருவதில் புதினமில்லை. தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுங்கள், தாராளமாக. ஆனால் தோள் உறைந்தவளிடம் சீனி பார்த்தீர்களா என்று கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வருத்தம் அதிகம், எங்கள் சனத்தில் நீரிழிவும் அதிகம். தைரொயிட்டையும் கேளுங்கள்.

ஆனால் இந்த வயதில் எலும்பு வேகமாக மெலிகிறது. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில வருடங்களில்தான் இழப்பு ஆகக் கூட. 2023 இல் வந்த கனடிய வழிகாட்டியின்படி 50 முதல் 64 வயதுக்குள் ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும் இரண்டு ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களும், 65 தாண்டினால் ஒரு காரணி உள்ளவர்களும், 70 ஆனால் எல்லோரும் எலும்பு அடர்த்திச் சோதனை செய்யவேண்டும். தாய்க்கோ தகப்பனுக்கோ இடுப்பெலும்பு முறிந்ததா, ஸ்டீரொயிட் மருந்து நீண்டகாலம் எடுத்தீர்களா, விழுந்தீர்களா என்று கேட்காமல் ஒரு ஐம்பத்தைந்து வயது முதுகில் பலத்தைப் போடுவது எப்படி? மெலிந்த எலும்பு அதில் முறியும். இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும் விஷயம். படித்த பிள்ளைகள் நீங்கள். எனக்குச் சொல்லித் தரக்கூடியவர்கள்.

ஹோர்மோன் சமநிலைக்கு வந்தால், கழுத்தைத் திருப்பி ஹோர்மோனைச் சமப்படுத்தலாம் என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை. முள்ளந்தண்டு எலும்பு சற்று விலகுவதே நோய்களுக்குக் காரணம் என்ற பாமரின் கொள்கையிலிருந்து வந்த பேச்சு அது. பிரித்தானியாவில் உங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் கைரோபிராக்டிக் பேரவையே 2010 இல், அந்த விலகல்தான் நோய்க்குக் காரணம் என்று உரிமை கோர ஆய்வுச் சான்று இல்லை என்று எழுதிவிட்டது. எனக்கு இரவு வியர்வை குறைந்தது குடும்ப வைத்தியர் எழுதித் தந்த மருந்தால். எல்லோருக்கும் அந்த மருந்து பொருந்தாது, அதை அவரவர் வைத்தியரோடு பேசவேண்டும். உங்கள் பக்கேஜை வாங்கிப் பத்து மாதம் காத்திருந்து விட்டு அந்தப் பேச்சைத் தொடங்குகிற பெண்களைப் பார்க்கிறேன்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் ஒன்ராறியோவுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1996 இல் ரொறன்ரோவில் ஒரு பெண் கழுத்துச் சிகிச்சைக்குப் பின் பக்கவாதம் வந்து இறந்தார். 2004 இல் மரண விசாரணை நடுவர்கள் அதை விபத்து என்று முடிவு செய்து, கழுத்துச் சிகிச்சையோடு தொடர்புபடுத்தினார்கள். பிறகு 2008 இல் இங்கேயே 818 பக்கவாத நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே குடும்ப வைத்தியரிடம் போனவர்களிலும் அந்தத் தொடர்பு இருந்ததாகக் காட்டியது. ஏற்கெனவே கிழிந்த இரத்தக்குழாயின் நோவோடுதான் அவர்கள் இருவரிடமும் போயிருக்கலாம் என்றது. உங்கள் பக்கத்துக்கு அது நல்ல வாதம், மறுக்கவில்லை. அதே வாதத்தின்படி, கழுத்து நோவோடு வருகிறவர்களில் அபூர்வமாக ஒருத்தி ஏற்கெனவே கிழிந்த குழாயோடு உங்கள் மேசையில் படுத்திருக்கிறாள். அவளுடைய கழுத்தைத் திருப்பலாமா என்று நீங்களே யோசியுங்கள். திருப்பத்தான் வேண்டுமென்றால், அதை அவளுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சொல்வது என்றால், அவளுக்கு விளங்கும்படி. 1996 ஆம் ஆண்டு ஒன்ராறியோச் சம்மதச் சட்டம் தெளிவாக இருக்கிறது. என்ன செய்யப்போகிறீர்கள், என்ன பலன் எதிர்பார்க்கலாம், என்ன ஆபத்து, வேறு என்ன வழி உண்டு, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு கொடுப்பதுதான் சம்மதம். விளம்பரத்தைத் தமிழில் அச்சடிக்கத் தெரிந்த நிலையங்களில் சம்மதப் படிவம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கையொப்பம் எங்கே வைப்பது என்று வரவேற்பு மேசைப் பிள்ளை விரலால் காட்டுவாள். அல்லது கூட வந்த கணவரோ மாமியோ, "ஒண்டும் இல்லை, போடு" என்பார்கள். இரத்தக் கசிவைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் மாமிக்கு முன்னால் எந்தப் பெண் உண்மை சொல்வாள்? ஒருமுறையாவது அவளைத் தனியே வைத்துக் கேளுங்கள்.

காசு விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 இறுதியோடு ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் உங்கள் கட்டணத்தைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. வேலையிடக் காப்புறுதியில் வருடத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு முடியும்வரைக்கும் நோ தீராமலும், முடிந்த மறுநாள் தீர்ந்தும் போவதை நான் கண்டிருக்கிறேன். முன்பணம் வாங்கி நீண்ட பக்கேஜ் விற்காதீர்கள். நாலைந்து அமர்வுக்குள் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்தி வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த முறை தமிழ் விளம்பரம் அச்சுக்குப் போகும் முன் ஆங்கிலப் பக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் தயாரியுங்கள். நாரி, இடுப்பு, கழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, பிள்ளை பெற்றவளிடம் தலையிடி, பிரஷர், கால் வீக்கம் மூன்றையும் கேட்கும் வரிகளோடு. எழுதியதும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால் நானும் என்னோடு வேலைசெய்யும் இரண்டு தமிழ்த் தாதிகளும் வாசித்துத் திருத்தித் தருகிறோம். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு மகப்பேற்றுத் தாதி